பழைய மோட்டார் எஞ்சினுக்கு எண்ணெய் பிடிக்கும் டப்பா

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லப் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் விவசாயிகள், எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் இன்லெட் குழாயினுள் கரிய பிசுக்குப் படிவதைக் கண்டிருப்பார்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கும் வாயு, எண்ணெய்த் துளிகளையும் நீராவியையும் சுமந்துகொண்டு வெளியேறுவதே இதற்குக் காரணம். முற்காலத்து வண்டிகளில் இவ்வாவி ஒரு குழாய் வழியே சாலையில் விடப்பட்டது. கலிபோர்னியாவில் 1961-ஆம் வருஷத்து மாடல்கள் முதல், அதனை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் முறை புகுத்தப்பட்டது. ஊர்க்காற்றுக்கு நன்மை, இன்லெட் குழாய்க்கோ அழுக்கு.

ஆவி செல்லும் ரப்பர் குழாயின் நடுவே, உட்புறம் கம்பி வலை வைத்த, இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாவைப் பொருத்தினால் எண்ணெய் அதில் தங்கிவிடும். டப்பாவைச் சூடான புகைக்குழாய்க்கு அருகில் வைக்கலாகாது. குளிர்ந்த இடத்தில்தான் ஆவி துளியாகப் படியும். இணைப்புகளில் வெளிக்காற்றுப் புகுந்தால் எஞ்சின் மெதுவாக ஓடுகையில் தடுமாறும். தண்ணீருக்கான ரப்பர் குழாய் எண்ணெய் பட்டு உப்பிவிடுமாதலால், எண்ணெய் தாங்கும் குழாயே உகந்தது. சிலர் செலவுக்கு அஞ்சி ஆவிக்குழாயைக் கட்டையால் அடைத்துவிடுகின்றனர். இது பெருந்தவறு, உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

டப்பாவில் தேங்குவது நீரும் பெட்ரோலும் கலந்ததாகையால் மீண்டும் எஞ்சினில் ஊற்றலாகாது. வரப்பிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது கூடவே கூடாது. சில நாட்களிலேயே டப்பா நிரம்புமாயின், பெரிய டப்பா தேடுதல் வீண், வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷனை அளந்து பார்க்கவும்.