முத்தையா முரளிதரனும் மலையகத்து மைதானமும்

பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், மாலை வேளையில் லயன்களின் முன்றிலிலே சிறுவர் பந்தாடும் காட்சி நமக்குப் புதிதன்று. அவர்க்கு முத்தையா முரளிதரன் என்னும் பெயர் பெருமிதம் தருவது இயல்பே. ஆயின் அப்புகழ் எவ்வாறு எய்தப்பெற்றது என்பதை ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடனாகும்.

முரளிதரன் 1972 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாள் கண்டியிற் பிறந்தார். பாட்டனார் தென்னிந்தியாவினின்றும் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர். தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1992 இல், அச்சமூகத்து மைந்தர் ஒருவர் இலங்கைக்காக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார் என்பது எண்ணற்பாலது. 1996 இல் உலகக்கிண்ணம் வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

புகழுடன் பழியும் வந்தது. அவர் பிறவியிலேயே முழங்கை முற்றாக நீளாத இயல்பினர். 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேணில், அவர் பந்தை எறிகிறார் எனக் கருதிய நடுவர் ஏழு முறை அதனைச் செல்லாப் பந்தென அறிவித்தார். 1999 இல் அடிலெயிட்டிலும் அத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரரை எல்லைக்கோடுவரை அழைத்துச்சென்று எதிர்த்து நின்றார். முரளிதரன் சினந்து விலகினாரல்லர். விஞ்ஞான ஆய்வுகளுக்குப் பன்முறை உட்பட்டார். பின்னர், பந்துவீச்சாளர் எவரும் முழங்கையைப் பதினைந்து பாகைவரை நீட்டலாம் என்னும் விதி 2005 இல் நடைமுறைக்கு வந்தது. 2010 ஜூலையில், காலியில், தம் இறுதி டெஸ்டின் இறுதிப் பந்திலே 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி அவர் விடைபெற்றார்.

அவர்தம் அரசியற் கருத்துகளை ஏற்காத தமிழர் பலர் உளர். 2020 இல் அவர் வாழ்க்கைத் திரைப்படத்துக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு அதற்குச் சான்று. எனினும் அவர்தம் ஆற்றலை மறுப்பார் இலர்.

அவ்வாற்றலின் வேர் யாது? கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மித வேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பதினான்காம் வயதிற் சுழற்பந்துக்கு மாறுமாறு வழிகாட்டியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. ஒரு மைதானமும் ஓர் ஆசிரியரும் இல்லையேல், அந்த மணிக்கட்டின் விந்தையை உலகம் அறிந்திராது.

இவ்வுண்மை கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்களையே உடைய சிறு நாடு ஸ்லோவீனியா. அந்நாட்டினின்றும் வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கிக் கழகத் தொடரிற் பனித்தள ஹொக்கி ஆடிய முதல்வர் அன்ஜே கோப்பித்தார். அவர் 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கிண்ணம் வென்ற அணியில் விளங்கினார். அவர் பிறந்த இரும்பாலை நகரிலே பனித்தளம் இருந்தது; தந்தையாரே பயிற்றுநராகவும் இருந்தார்.

ஆற்றல் எங்கும் பிறக்கும்; அது வளர்வதற்கோ இடமும் வழிகாட்டியும் வேண்டும். முரளிதரனைப் போற்றும் நாம், ஊவாவின் தோட்டப் பாடசாலைகட்கு ஒரு சமநிலமும் ஒரு பயிற்றுநரும் கிடைக்க முயலுவோமாயின், அதுவே அவர் புகழுக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பாகும்.