ஆறுமணிக் குருவி

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் நிறுவியது. வாணிகத்தின் பொருட்டு அங்கு வந்து குடியேறிய தமிழர் பலர். ஆண்டுதோறும் தென்னாட்டுக்கு வந்து, சில மாதங்கள் மட்டும் தங்கித் திரும்பும் வேறொரு விருந்தாளியும் உண்டு. அதுவே ஆறுமணிக் குருவி.

வடநாட்டில் வாழும் நேயர்கள் இதனை ‘நவரங்’ என்று அறிந்திருக்கலாம். ஒன்பது வண்ணம் என்பது அதன் பொருள். பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, வால் அடியில் செம்மை, சிறகில் நீலம், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை என்று வண்ணங்கள் பல. அறிவியலார் வழங்கும் ‘பிட்டா’ என்னும் பெயரோ, சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது.

இத்தனை அழகிருந்தும் இது எளிதில் கண்ணிற் படுவதில்லை. புதர் நிழலில், உதிர்ந்த சருகுகளைக் கிளறிப் பூச்சிகளையும் புழுக்களையும் தின்று, தரையிலேயே பகலைக் கழிக்கும். இரவில் மரக்கிளையில் உறங்கும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும். அந்த நேர ஒழுங்கே அதற்குப் பெயராயிற்று. இனிய குரலுடையதாயினும், குரல் தசைகளின் அமைப்பு எளியதாகையால் அறிவியலார் இதனை இசைப்பறவை வகுப்பிற் சேர்ப்பதில்லை.

இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் இது இனம் பெருக்குகிறது. பக்கவாயில் அமைந்த உருண்டைக் கூடு கட்டி, நான்கைந்து முட்டைகளிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மழை ஓய்ந்ததும், இரவுகளிற் பறந்து தென்னாட்டையும் இலங்கையையும் அடையும். கோடையில் வடக்கே மீளும்.

இந்நெடும் பயணத்திற் களைத்த பறவைகள் சில, விளக்கொளியால் மயங்கி வீடுகளுக்குள் விழுவதுண்டு. காக்கையும் பூனையும் அவற்றை விடுவதில்லை. அத்தகைய பறவையைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்திருங்கள். வாயிற் புகட்ட முயலாதீர்கள். தெளிந்தபின், அந்திப்பொழுதில் புதர் அருகே விட்டுவிடுங்கள். காயமுற்றிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கூண்டிலடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

தோட்டத்துச் சருகுகளைக் கூட்டிக் கொளுத்துவது நமக்குத் தூய்மையாகத் தோன்றும். இக்குருவிக்கோ அது உணவுக் களஞ்சியத்தையே எரிப்பதாகும். ஒரு மூலையிலாயினும் சருகை விட்டுவைத்தல், வரும் விருந்துக்கு இலை போடுவதற்கு ஒப்பாகும்.