மண்ணீரல் தமனியில் ஒரு குமிழ்: விட்டுவிடலாமா, அடைக்கணுமா?

அறந்தாங்கியில் இருக்கும் சித்தி மகள் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பி, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறாள். கல் இல்லை. ஆனால் மண்ணீரல் தமனியில் 1.8 செ.மீ. அனியூரிசம். வயது 31, இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கிறாள். "சின்னதுதான், விட்டுடலாம்னு சொல்றாங்க" என்றாள். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். வாசித்ததில் புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

அனியூரிசம் என்றால் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகிப் பலூன் மாதிரி உப்புவது. மூளையிலும் பெருந்தமனியிலும் வருவதைக் கேள்விப்பட்டிருப்போம். வயிற்று உறுப்புகளுக்குப் போகும் தமனிகளில் வருவது அரிது. அப்படி வருவதில் சுமார் 60 சதவீதம் மண்ணீரல் தமனியில், 20 சதவீதம் கல்லீரல் தமனியில். மண்ணீரல் வகை ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 4 மடங்கு அதிகம். பெரும்பாலும் வலியே இருக்காது; வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் தெரியும். வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும்.

எதற்குச் சிகிச்சை, எதற்குக் காத்திருப்பு? அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், அறிகுறி இல்லாத மண்ணீரல் வகைக்கு 3 செ.மீ., கல்லீரல் வகைக்கு 2 செ.மீ. எல்லை. அதற்குக் கீழே என்றால் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். ஆனால் விதிவிலக்குகள்தான் முக்கியம். குடலுக்குப் போகும் பெரிய தமனியில் இருந்தால் அளவு பார்ப்பதில்லை. கணைய அழற்சிக்குப் பிறகோ அடிபட்டோ வரும் 'போலி' அனியூரிசத்துக்குச் சொந்தச் சுவரே கிடையாது. அதற்கும் அளவு பார்ப்பதில்லை. குடியால் கணையம் கெட்டவர்கள் நம்மூரில் நிறைய என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது விதிவிலக்கு, குழந்தை பெறும் வயதுப் பெண்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன்கள் குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன. கடைசி மூன்று மாதங்களில் வெடித்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளில் தாய்மார்கள் 4-ல் 3 பேர் வரை இறந்திருக்கிறார்கள்; குழந்தைகள் 10-ல் 9-க்கும் மேல். அதனால் இவர்களுக்கு எந்த அளவாக இருந்தாலும் சிகிச்சை என்கிறது அதே வழிகாட்டி. 'சின்னதுதான்' என்ற பதில் 60 வயது ஆணுக்குச் சரியாக இருக்கலாம். என் தங்கைக்குச் சரியில்லை.

சிகிச்சை எப்படி? புதுக்கோட்டைக்காரர்களுக்கு வாய்க்கால் உதாரணம் போதும். உடைப்பெடுத்த இடத்துக்கு மேல்பக்கம் மட்டும் மணல் மூட்டை போட்டால், கீழ்ப்பக்கம் வேறு வாய்க்கால் சேர்ந்திருந்தால் அங்கிருந்து தண்ணீர் எதிர்த்து வரும். இரண்டு பக்கமும் அடைக்கணும். தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, பிளாட்டினம் சுருள்களால் குமிழுக்கு முன்னும் பின்னும் அடைப்பதுதான் காயில் எம்போலைசேஷன். மண்ணீரலுக்கு இரைப்பைப் பக்கமிருந்து கிளைக்குழாய்கள் உண்டு, அதனால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு பகுதி செத்துப்போய்ச் சில நாள் வலி, காய்ச்சல் வரலாம்.

குடலுக்குப் போகும் தமனியை அப்படி அடைக்க முடியாது, குடல் அழுகிவிடும். அங்கே உள்ளே உறை போட்ட ஸ்டென்ட் வைத்து, ரத்தம் ஓடவிட்டுக் குமிழை மட்டும் ஒதுக்குவார்கள். வளைவு அதிகமாக இருந்தால் ஸ்டென்ட் போகாது. அப்போது வயிற்றைத் திறந்து, குமிழை வெட்டி, பைபாஸ் வைக்கணும். வெடித்துவிட்டவர்களுக்கும் சில நேரம் இந்த வழிதான். திறந்த அறுவையில் தேறி வர நாளாகும். சுருள் முறையில் சீக்கிரம் வீடு திரும்பலாம், ஆனால் மறுபடி ரத்தம் புகுகிறதா என்று பிற்பாடு ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்கணும்.

அடுத்த வாரம் தங்கை திருச்சியில் ரத்தநாள நிபுணரைப் பார்க்கிறாள். நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது உண்மையானதா, போலியா? சுருளா, ஸ்டென்டா, ஏன்? மண்ணீரல் பாதிக்கப்பட்டால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் முன்கூட்டியே போடணுமா? சிகிச்சைக்குப் பிறகு எத்தனை மாதம் கழித்துக் கர்ப்பம் தரிக்கலாம்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

உங்கள் வீட்டு ரிப்போர்ட்டிலும் இந்தச் சொல் இருந்தால் பயப்படவேண்டாம். ஆனால் அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். யாருக்கு, எந்தக் குழாயில் என்றும் பாருங்கள்.