ஆட்டிசக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி: பயன் எவ்வளவு?

தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், மூன்று வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை இருக்குமாயின், மருத்துவரிடம் சென்ற பெற்றோர் 'ஆட்டிசம்' என்னும் சொல்லோடு வீடு திரும்புவர். அடுத்து அவர் செவியில் விழுவது 'நடத்தைப் பயிற்சி' என்பதாகும். வாரத்திற்கு 40 மணி நேரம் வேண்டும், தாமதித்தால் காலம் கடந்துவிடும் என்று அச்சுறுத்துவோரும் உளர். நகையை அடகு வைத்தேனும் பணம் திரட்ட முனையும் பெற்றோர், அப்பயிற்சியின் பயன் யாதென முதலில் அறிதல் நலம்.

முறை எளியதே. ஒரு செயலைச் சிறு கூறுகளாகப் பகுத்துத் திரும்பத் திரும்பப் பயிற்றி, சரியாகச் செய்தவுடன் குழந்தை விரும்பும் பொருளைப் பரிசாக அளிப்பர். தண்ணீர் கேட்கப் பழக்குவதாயின் முதலில் குவளையைச் சுட்டுதல், பின்னர் 'த' என்னும் ஒலி, அதன்பின் முழுச்சொல் என முன்னேறுவர்.

40 மணிக் கணக்கு பிறந்த இடம் அமெரிக்கா. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் ஐவார் லோவாஸ், தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் இயல்பான அறிவுத்திறன் எய்திப் பொதுப்பள்ளியில் முதல் வகுப்புத் தேறினர் என 1987-ஆம் ஆண்டில் அறிவித்தார். உலகம் வியந்தது. ஆயின் எக்குழந்தை எக்குழுவில் சேர்வது என்பதை அவர் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை; பயிற்றுநர் கிடைப்பதைப் பொறுத்தே பிரித்தார். அதட்டலும், சிற்சில வேளை தொடையில் அடியும் அம்முறையில் இருந்தன என்பதையும் மறைத்தலாகாது.

2018-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, 219 குழந்தைகள் இடம்பெற்ற ஐந்து ஆய்வுகளை எடைபோட்டது. அவற்றுள் ஒன்றே குலுக்கல் முறையில் அமைந்தது. ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது, சான்றோ வலுவற்றது என்பது அதன் முடிவு. 2020-இல் 150 அறிக்கைகளைத் திரட்டிய மற்றோர் ஆய்வில், குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் நோக்கியபோது, விளையாட்டோடும் உறவாடலோடும் இயைந்த முறைகளுக்கே பயன் தென்பட்டது. எக்குழந்தை பயிற்சி பெற்றது என அறியாதவர் அளந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டபோது அதுவும் உறுதிப்படவில்லை.

பயிற்சியே வீண் என்று நாம் சொல்லவில்லை. உடுத்தல், உண்ணல் போன்றவற்றைப் படிப்படியாகக் கற்பித்தல் பல குழந்தைகளுக்கு உதவும். 'முற்றிலும் குணமாக்குவோம்' என்பார் கூற்றே ஏற்கத்தக்கதன்று. கையை அசைக்காதே, கண்ணைப் பார் என வற்புறுத்தப்பட்டது தமக்குத் துன்பமாயிருந்தது என, வளர்ந்து ஆளான ஆட்டிசத்தினர் பலர் எழுதியுள்ளனர். பயிற்றுநரைத் தேர்வோர் இதையும் கருதுக.

நம் நாட்டிற்கு அண்மையான சான்று கோவாவிலிருந்து வருகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. வல்லுநர் அல்லாத நலப்பணியாளரே பெற்றோருக்குப் பயிற்சி அளித்தனர். தாம் குழந்தையுடன் விளையாடும் காட்சியைப் படம்பிடித்துப் பார்த்து, அதன் குறிப்பறிந்து மறுமொழி தரப் பெற்றோர் கற்றனர். மொத்தம் 12 அமர்வுகளே. வாரம் 40 மணி அன்று! பெற்றோரின் மறுமொழி மேம்பட்டது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் மிகுந்தது. இருவரும் ஒன்றில் கவனம் கொள்ளும் நேரம் மட்டும் குறைந்தே காணப்பட்டது.

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் 'நம்பிக்கை நிலையம்' பெற்றோரையே பயிற்றுநராக்கும் வழியில் செல்கிறது. அங்கே தமிழில் பேசலாம் என்பது நம்மவர்க்கு ஒரு வசதி.

மொழி பற்றி ஒரு சொல். 'வீட்டில் தமிழை நிறுத்துங்கள், குழந்தை குழம்பும்' என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. கனடாவில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் காணப்படவில்லை. பயிற்றுநர் 'நீள்ளு' என்று கற்பிப்பாராயின், தாய் அதே குவளையைக் காட்டித் 'தண்ணீர்' என்றே சொல்லலாம். எச்சொல்லை எந்நாள் தொடங்கினார் என்பதைமட்டும் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்க.