நீச்சல் குளமா? ஏரிக்கரையா? பெரம்பூர் குடும்பத்தின் 2 பயணங்கள்!

"அப்பா, லீவுக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

சென்னையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே இந்தக் கேள்விதான் கேட்கிறது.

முன்பெல்லாம் பதில் சுலபம். பாட்டி ஊர்! கிணறு, மாந்தோப்பு, தெருப்புழுதி. இப்போது பல வீடுகளில் பாட்டியே மகனோடு சென்னைக்கு வந்துவிட்டார். போவதற்கு ஊர் இல்லை.

அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டவை சொகுசு விடுதிகள். கிழக்கு கடற்கரை சாலையில் ஏராளம். ஏ.சி. அறை, நீச்சல் குளம், குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம், வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் விருந்து. வெயில் உள்ளே வராது. நீங்களும் வெளியே வரவேண்டாம்!

போனஸ் கரைந்தது

பெரம்பூரில் வசிக்கும் ஒரு குமாஸ்தா, போன வருடம் மே மாதம் இப்படி ஒரு விடுதிக்குப் போனார். மனைவி, மகள், மகன், தாயார் என்று மொத்தம் 5 பேர். 2 இரவு. செலவு ரூ.22 ஆயிரம். தீபாவளி போனசில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணம் அத்தனையும் போயிற்று.

"பசங்க குளத்தை விட்டு ஏறவே இல்லை சார். சந்தோஷம்தான். ஆனா வீட்டுக்கு வந்ததும் பெரியவ, 'அடுத்த மாசமும் போலாமாப்பா?'ன்னு கேட்டா. எனக்கு பக்குனு ஆயிடுச்சு" என்றார்.

பொங்கல் லீவு வந்தது. "வேடந்தாங்கல் போகலாம்" என்றார். வீட்டில் பலத்த எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் குழந்தைகள் அல்ல. மனைவி!

"ஏங்க, உங்களுக்கு அது பிக்னிக். எனக்கு? விடியக்காலம் 3 மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறணும். திரும்பி வந்து பாத்திரம் தேய்க்கணும். அந்த ஓட்டல்ல ரெண்டு நாள் ஒரு தட்டு கழுவலை. எனக்கு அதுதாங்க லீவு!"

நியாயமான பேச்சு. சொகுசு விடுதியைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் சுத்தமான கழிவறை பக்கத்திலேயே இருப்பது பெரிய விஷயம்.

கடைசியில் வீட்டில் ஒப்பந்தம் ஆனது. சமையல் கிடையாது. காலை டிபன் செங்கல்பட்டில். மதியச் சாப்பாடு மதுராந்தகத்தில். தண்ணீர், பிஸ்கட் மூட்டையைக் கணவர்தான் சுமக்க வேண்டும்!

மூடாத மூக்கு

சென்னையில் இருந்து வேடந்தாங்கல் சுமார் 80 கி.மீ. செங்கல்பட்டு வரை மின்சார ரெயில். அப்புறம் பஸ்.

ஏரித் தண்ணீரில் நிற்கும் மரங்கள் முழுக்கப் பறவைகள். கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம். ஒரு நாரையைப் பார்த்துவிட்டு மகன், "அப்பா, அதுக்கு வாய் மூடவே மாட்டேங்குது!" என்று கத்தினான். அது நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவே இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்துத் தின்பதற்கு வாகான மூக்கு.

இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியது சர்க்கார் அல்ல. ஊர் ஜனங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் சுடவும் பிடிக்கவும் விடமாட்டார்கள். 1798-ம் ஆண்டிலேயே செங்கல்பட்டு கலெக்டர் பிளேஸ் துரையிடம் பாதுகாப்பு உத்தரவும் வாங்கிவிட்டார்கள்.

காலையில் கிளம்பி, இருட்டியதும் வீடு திரும்பினார்கள். 5 பேருக்கும் சாப்பாடு உள்பட ஆன செலவு ரூ.1,600.

எப்போது போகலாம்?

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். மே மாதம் போனால் ஏமாற்றம்தான்.

கோடையில் கிண்டி இருக்கிறது. 1978-ல் தேசிய பூங்காவான அந்தக் காடு 2.7 சதுர கி.மீ. பரப்பு. வெளிமானும் புள்ளிமானும் நகரத்துக்குள்ளேயே வாழ்கின்றன. பக்கத்தில் சிறுவர் பூங்கா. வண்டலூர் உயிரியல் பூங்காவும் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள். விடுமுறை!

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் ஏறி முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் குழு ஒன்று ராத்திரியில் மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வது உண்டு. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்தே கடலுக்குப் போகும். கரையோரக் கட்டிடங்களின் விளக்கு பிரகாசமாக எரிந்தால் திசை மாறி, ரோட்டுக்கு வந்து சாகும். நம் சொகுசுக்கு எரியும் விளக்கு, அதற்கு எமன்!

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கடலைப் பார்க்கலாம். சென்னைக் கடலில் குளிக்க இறங்க வேண்டாம். இழுத்துக் கொண்டு போய்விடும்.

தீர்ப்பு

சரி, பெரம்பூர் வீட்டில் ஜெயித்தது எது?

மகள் இன்னமும் நீச்சல் குளம்தான் கேட்கிறாள். மகன் நோட்டில் மூக்கு மூடாத நாரையை வரைந்து கொண்டிருக்கிறான்.

தீர்ப்பு சொன்னவர் மனைவி.

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை குளம். மத்த வருஷம் ஏரி. ஆனா ரெண்டு இடத்துக்கும் நான் சமைக்க மாட்டேன்!"