விமானம் கட்டிய கை எழுதிய நாவல்கள்

எங்கள் ஊர்களில் வெளிநாட்டுப் பிரயாணம் அறியாத வீடு குறைவு. வாப்பாவை, நானாவை, சில வீடுகளில் பெற்ற உம்மாவையே கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோய் வழியனுப்பிவிட்டுக் கண்கலங்கித் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஹஜ், உம்ரா என்று புறப்படுவோரும் விமானத்தில்தான் ஏறுகிறார்கள். பிரயாண துஆவை ஓதுகிறோம். அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுகிறோம். அப்படித்தான் செய்யவும் வேண்டும். ஆனால் அந்த விமானத்தின் இறக்கையில் ஆணி முடுக்கியவர் யார், அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் யார், அன்றைக்கு அவர் கவனமாக வேலை செய்தாரா என்று நாம் யோசிப்பதில்லை. முகம் தெரியாத ஒருவருடைய நேர்மையின் மேல் நம் பிள்ளைகளின் உயிரை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

அந்த முகம் தெரியாத மனிதரைப் பற்றித் தன் வாழ்நாளெல்லாம் யோசித்த ஓர் ஆங்கில எழுத்தாளர் இருந்தார். நெவில் ஷூட் என்பது அவருடைய புனைபெயர். விமானத் தொழிலில் பதினைந்து வருடங்களுக்கு மேல் உழைத்துவிட்டு, அதிலிருந்து விலகி, முழுநேர நாவலாசிரியராக மாறியவர் அவர். மர்மக் கதைகள், சரித்திரம் கலந்த கதை, யுத்தக் கதைகள் என்று இருபதுக்கும் அதிகமான நாவல்களை எழுதினார். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் அவருடைய எழுத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. எச்சரிக்கையோடு விலக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

திக்குவாய்ப் பையன்

அவருடைய முழுப் பெயர் நெவில் ஷூட் நோர்வே. 1899 ஜனவரி 17ஆம் திகதி லண்டனின் மேற்கே ஈலிங் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை தபால் திணைக்களத்தில் உயர் அதிகாரி. சிறு வயதிலிருந்தே நெவிலுக்குத் திக்குவாய். முதலாம் உலக மகாயுத்தத்தில் அவருடைய அண்ணன் காயப்பட்டு இறந்துபோனார். தானும் விமானப் படையில் அதிகாரியாகச் சேர விரும்பினார் நெவில். திக்குவாய் குறுக்கே நின்றது. சாதாரணச் சிப்பாயாகவே யுத்தத்தின் கடைசி மாதங்களைக் கழித்தார்.

பின்னர் ஒக்ஸ்போர்ட்டில் பொறியியல் படித்து 1922இல் மூன்றாம் வகுப்பில் சித்தியடைந்தார். ஆம், மூன்றாம் வகுப்புத்தான். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக. அந்த மூன்றாம் வகுப்புப் பட்டதாரி டி ஹவிலண்ட் விமானக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் விமானக் கணக்கு. இரவில் கதை எழுதுவது. முதலில் எழுதிய இரண்டு நாவல்களையும் பதிப்பகத்தார் ஏற்கவில்லை. மூன்றாவதான ‘மரஸான்’ என்ற மர்மக் கதையைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். அது 1926இல் வெளிவந்தது. கதை எழுதுகிறவர் என்று தெரிந்தால் தொழிலில் தன்னைப் பொறுப்பில்லாதவர் என்று நினைப்பார்களோ என அஞ்சி, குடும்பப் பெயரான நோர்வேயை விட்டுவிட்டு, நெவில் ஷூட் என்ற பெயரில் வெளியிட்டார்.

இரண்டு ஆகாயக் கப்பல்கள்

1924இல் அவர் விக்கர்ஸ் கொம்பனியின் ஆகாயக் கப்பல் பிரிவில் பிரதான கணக்கராகச் சேர்ந்தார். ஆகாயக் கப்பல் என்பது ஐதரசன் வாயு நிரப்பிய பைகளால் மிதக்கும் ஒரு பெரும் கலம். அக்காலத்தில் பிரித்தானிய அரசு இரண்டு கப்பல்களைக் கட்டச் செய்தது. ஆர் 100 என்பதைத் தனியார் கொம்பனி கட்டியது. ஆர் 101 என்பதை அரசாங்கமே கட்டியது. ஆர் 100இன் வடிவமைப்பாளர் பார்ன்ஸ் வொலிஸ். அவர் கீழே நெவிலும் கணக்கர்களும் ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு பாரம் ஏறும் என்று கையால் கணக்குப் போட்டார்கள். கம்பியூட்டர் இல்லாத காலம். எண்களைப் பெருக்கிப் பிரிப்பதற்கு, நகரும் சட்டமுள்ள ஓர் அளவுகோல் மட்டுமே கையில் இருந்தது. ஒரு குறுக்குச் சட்டத்தின் கணக்கை இருவர் சேர்ந்து முடிக்க இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். கடைசியில் எல்லா எண்களும் ஒன்றோடொன்று பொருந்தி உண்மை வெளிப்படும் நேரத்தில் உண்டாகும் நிறைவு, மார்க்க அனுபவத்துக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது என்று அவர் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். இந்த இடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1930 ஜூலை இறுதியில் ஆர் 100 அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கனடாவுக்குப் பறந்தது. தான் கணக்குப் போட்ட கலத்தில் தானே ஏறிச் சென்றார் நெவில். ஏறக்குறைய 78 மணித்தியாலப் பிரயாணம். ஓகஸ்டில் பத்திரமாகத் திரும்பியும் வந்தது.

மற்றக் கப்பலின் கதை வேறு. விமானத்துறை அமைச்சர் தொம்சன் பிரபு இந்தியாவுக்குப் போய் உரிய நாளில் லண்டன் திரும்ப வேண்டியிருந்தது. எனவே எல்லாம் அவசரம். ஆர் 101ஐ முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கவே இல்லை. பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் புறப்படும் தறுவாயில் வழங்கப்பட்டது. 1930 ஒக்டோபர் 4ஆம் திகதி மாலை கராச்சியை நோக்கிக் கிளம்பிய அக்கப்பல், மறுநாள் அதிகாலை பிரான்ஸில் போவே என்ற ஊருக்கருகே விழுந்து எரிந்தது. ஏறியவர் 54 பேர். மாண்டவர் 48 பேர். அமைச்சரும் அவர்களில் ஒருவர். அதன் பின் நன்றாகப் பறந்த ஆர் 100ஐயும் உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள்.

1954இல் வெளியிட்ட ‘ஸ்லைட் ரூல்’ என்ற சுயசரிதையில் அரச தரப்பினரை அவர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். அவர் போட்டிக் கப்பலைக் கட்டியவர். வழக்கில் ஒரு கட்சிக்காரர் தன் எதிர்த்தரப்பைப் பற்றிச் சொல்லும் சாட்சியத்தைக் காழியார் அப்படியே ஏற்பதில்லை அல்லவா? அவருடைய கூற்று ஒருதலைப்பட்சமானது என்று பின்வந்த ஆய்வாளர்களும் குறைகூறியிருக்கிறார்கள். ஆனால் சோதனை முடியுமுன்பே கப்பல் புறப்பட்டதில் மறுப்பில்லை.

பேனாவின் பக்கம்

1931இல் நெவில் தோழர் ஒருவரோடு சேர்ந்து எயார்ஸ்பீட் என்ற விமானக் கொம்பனியை ஆரம்பித்தார். யோர்க் நகரில் பழைய பஸ் நிறுத்தும் கொட்டகை ஒன்றே முதல் தொழிற்சாலை. பின்னாளில் அதன் ஒக்ஸ்போர்ட் ரகப் பயிற்சி விமானங்கள் 8,000க்கும் மேல் கட்டப்பட்டன. கொம்பனி பெருத்ததும் 1938இல் அவர் விலகினார். அப்போது வயது 39. அதன் பிறகு எழுத்தே தொழிலானது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் கடற்படைக்காகப் புதுவகை ஆயுதங்கள் ஆராயும் பிரிவில் கடமையாற்றினார். 1950இல் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

1940இல் வந்த ‘அன் ஓல்ட் கெப்டிவிட்டி’ என்ற நாவலில், கிறீன்லாந்துக்குப் பறக்கும் ஒரு விமானி ஆயிரம் வருடங்களுக்கு முந்திய வைக்கிங் கடலோடிகளின் காலத்தைக் கனவில் காண்கிறான். 1950இல் வந்த ‘எ டவுன் லைக் அலிஸ்’ பெரும் புகழ் பெற்றது. யுத்த காலத்தில் ஜப்பானியர் பிடியில் மலாயாவில் ஊர் ஊராக நடத்தப்பட்ட பெண்கள் பற்றிய கதை. அவர்களுக்கு ஒரு மலாய் முஸ்லிம் கிராமம் அடைக்கலம் கொடுக்கிறது. கிராமத் தலைவரிடம் இடம் கேட்கும்போது கதாநாயகி பெண்களுக்கு நன்மை செய்வது பற்றிய குர்ஆன் வசனத்தை எடுத்துச் சொல்கிறாள். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து அந்தக் கிராமத்துப் பெண்களுக்காகக் கிணறு வெட்டிக் கொடுக்கிறாள். தண்ணீர் சுமக்கும் பெண்ணின் கஷ்டம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை இலகுவில் மறக்காது.

கம்பி முறியும் கணக்கு

அவருடைய நாவல்களில் தொழில் அறிவு முழுமையாக வெளிப்பட்டது 1948இல் வந்த ‘நோ ஹைவே’யில். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிகிறது. இதை உலோகக் களைப்பு என்பார்கள். பறக்கும் விமானத்தின் பாகங்களும் இப்படியே அதிர்ந்து அதிர்ந்து களைத்துப் போகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தியோடர் ஹனி என்பவர் கதையின் நாயகர். மனைவியை இழந்து, சிறு மகளோடு வாழும், உடை உடுக்கக்கூட ஒழுங்கு தெரியாத விஞ்ஞானி. புதுரக விமானமொன்றின் வால்பகுதி 1,440 மணித்தியாலம் பறந்ததும் முறியும் என்று அவர் கணக்கிடுகிறார். ஒரு வேலையாகப் பிரயாணம் போகும் வழியில், தான் ஏறியிருப்பதே அத்தகைய விமானம், அது அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று ஆகாயத்தில் வைத்து அறிகிறார். தரையிறங்கியதும் பரிசோதிக்கிறார்கள், குறை எதுவும் தென்படவில்லை. விமானம் மீண்டும் புறப்படத் தயாராகிறது. ஹனி வேறு வழியின்றிச் சில்லுகளை உள்ளிழுக்கும் விசையை இழுத்து, நின்ற நிலையிலேயே விமானத்தை வயிறு தரையில்படச் சாய்த்துவிடுகிறார். பைத்தியக்காரர் என்று உலகம் ஏசுகிறது. கடைசியில் அவர் கணக்கே சரியாகிறது.

இது கற்பனை. ஆனால் நான்கே வருடங்களில், 1952 மே மாதம், உலகின் முதலாவது ஜெட் பிரயாணிகள் விமானமான கொமெட் சேவைக்கு வந்தது. அதைக் கட்டியது நெவில் முதலில் வேலை பார்த்த அதே டி ஹவிலண்ட் கொம்பனி. அவ்வருடம் ஓகஸ்டில் லண்டனிலிருந்து நமது கொழும்புக்கும் கொமெட் வரத் தொடங்கியது. 1954 ஜனவரி 10ஆம் திகதி இத்தாலியின் எல்பா தீவுக்கருகே ஒரு கொமெட் வானிலேயே சிதறி 35 பேர் இறந்தார்கள். சேவையை நிறுத்தி, ஐயமான இடங்களையெல்லாம் திருத்தி, மார்ச்சில் மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8ஆம் திகதி நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று விழுந்தது, 21 உயிர்கள். அதன் பின் ஒரு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள். அது முன்பு பறந்த தடவைகளையும் சேர்த்து 3,000 தடவைகளுக்குச் சற்று மேல் ஆனதும் உடல் பிளந்தது. காரணம் உலோகக் களைப்புத்தான். நாவலில் வால்பகுதி, நிஜத்தில் அழுத்தம் தாங்கும் உடல்பகுதி. அவ்வளவே வித்தியாசம்.

இதனால் நெவில் ஷூட் மறைவானதை அறிந்தவர் என்று எவரும் எண்ண வேண்டாம். உலோகம் களைக்கும் என்பது பொறியியலாளர்களுக்கு முன்பே தெரிந்த விடயம். தெரிந்ததை உரத்துச் சொன்னதே அவர் செய்தது.

பஹ்ரெய்னில் ஒரு கதை

அவர் தன் நாவல்களில் மிகச் சிறந்தது என்று கருதியது 1951இல் வந்த ‘ரவுண்ட் த பெண்ட்’. நடக்கும் இடம் பெரும்பாலும் பஹ்ரெய்ன். டொம் கட்டர் என்ற ஆங்கிலேயர் ஒரு பழைய விமானத்தோடு அங்கே சரக்குச் சேவை தொடங்குகிறார். பினாங்கில் பிறந்த கொனி ஷாக்லின் என்பவர் தலைமைப் பொறியியலாளர். இயந்திரத்தைக் கவனமாகப் பேணுவது இறைவனுக்குச் செய்யும் கடமை என்று கொனி தன் தொழிலாளருக்குப் போதிக்கிறார். அரபியரும், சீக்கியரும், பௌத்தரும் அவர் பேச்சைக் கேட்கிறார்கள். பார்ப்பவர் இல்லாத இடத்திலும் ஆணியைச் சரியாக முடுக்குகிறார்கள். அங்குள்ள இமாமே அவரை மதிக்கிறார்.

ஆர் 100இன் கணக்கு முடிந்தபோது நெவில் உணர்ந்த நிறைவுதான் இந்தக் கதைக்கு வித்து என்று எனக்குப் படுகிறது. நாம் இதை ‘இத்கான்’ என்போம்: எடுத்த வேலையைத் திருத்தமாகச் செய்து முடிப்பது. பிறர் உயிரும் பொருளும் சம்பந்தப்பட்ட வேலை என்றால் அது அமானிதமும் ஆகும். மத்ரஸாவில் கிதாபு வழியாக நான் ஓதியதை, ஓர் ஆங்கிலப் பொறியியலாளர் இயந்திரத்தின் வழியாக அறிந்திருக்கிறார்.

ஆனால் நாவலின் முடிவோடு நாம் உடன்பட முடியாது. கொனி நோயுற்று இறந்தபின் அவரைத் தெய்வீகப் பிறவியாக மக்கள் எண்ணத் தொடங்குகிறார்கள். கதை சொல்பவரும் அந்தப் பக்கம் சாய்கிறார். நபித்துவம் முற்றுப்பெற்றது என்பது நம் ஈமான். நல்ல ஆசிரியரை மதிக்கலாம், பின்பற்றலாம். வணங்கத்தக்கவராக உயர்த்துவது ஷிர்க். வேலைதான் வணக்கம் என்று சொல்லித் தொழுகையை விடுவோருக்கும் இங்கே ஆதாரம் இல்லை. இதை விளக்கிச் சொல்லித்தான் வளர்ந்த பிள்ளைகளிடம் அந்நூலைக் கொடுக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த பாடம்

1960 ஜனவரி 12ஆம் திகதி மெல்பேர்னில் நெவில் ஷூட் காலமானார். அவரைப் பற்றி எழுதும்போது என் சொந்தத் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது.

பல வருடங்களுக்கு முன் தவணைப் பரீட்சை விடைத்தாள்களை அவசரமாகத் திருத்தினேன். மறுநாள் புள்ளிப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒரு மாணவனின் கூட்டுத்தொகையில் பத்தைத் தவறவிட்டேன். 67 என்பது 57 ஆயிற்று. அவனுக்கு வீட்டில் அடி விழுந்தது. பையன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தவணையில் வேறொரு காரியமாக அந்தத் தாள் கையில் அகப்பட்டபோதுதான் கண்டேன். வீட்டுக்குப் போய் வாப்பாவின் முன்னிலையில் பிழையை ஒப்புக்கொண்டேன். “பரவாயில்லை மௌலவி, பத்துப் புள்ளிதானே” என்றார் அவர். பையன் மட்டும் தலை குனிந்து நின்றான். அடித்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஆகாயக் கப்பலின் கணக்கும் ஆசிரியரின் கணக்கும் அளவில்தான் வேறு. இரண்டிலும் பிழையின் வலி கணக்குப் போட்டவருக்கு அல்ல, வேறொருவருக்கே போய்ச் சேர்கிறது. மருந்து கொடுப்பவர், மின்கம்பி பொருத்துபவர், பஸ்ஸின் பிரேக்கைப் பார்ப்பவர், வீட்டிலே பிள்ளைக்குப் பால் கரைக்கும் தாய், எல்லோருக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டில் தொழில் பார்க்கும் சகோதரர்களே, சின்ன வேலை என்று உங்கள் வேலையை நீங்களே தாழ்வாக எண்ணாதீர்கள். நீங்கள் முடுக்கும் ஆணியின் மேல் யாரோ ஒரு தாயின் மகன் உட்கார்ந்து போகிறான். மேற்பார்வையாளர் போன பிறகும் அந்த ஆணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.