கனடாவின் அரிய நாணயங்கள் – முதலீடா, பொழுதுபோக்கா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

அரிதாகக் கிடைக்கும் பொருளுக்கு விலை அதிகம் என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. இதை நம்பியே பலர், குறைந்த எண்ணிக்கையில் வெளியாகும் நாணயங்களை வாங்கிச் சேர்க்கின்றனர். கனடா அரசின் நாணயச்சாலை, சேகரிப்போருக்கென்றே ஆண்டுதோறும் பலவகை நாணயங்களை வெளியிடுகிறது. சில ஆயிரங்களே அச்சடிக்கப்படும் இவை உண்மையில் நல்ல முதலீடுதானா? சற்று ஆராய்வோம்.

முதலில் பழைய நாணயம் ஒன்றைக் காண்போம். 1921ஆம் ஆண்டில் கனடாவில் 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஐந்து சென்ட் வெள்ளி நாணயங்கள் அச்சடிக்கப்பட்டன. 1922இல் அந்நாணயம் நிக்கல் உலோகத்திற்கு மாறியது. அதனால் 1921ஆம் ஆண்டு நாணயங்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை ஏறத்தாழ 400 என்பர். ஆகவே அவை பெருவிலை பெறுகின்றன.

இன்னொரு நாணயத்தின் கதையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. கனடா நாணயங்களில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயருடன் 'இந்தியாவின் பேரரசர்' என்ற பட்டமும் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருந்தது. 1947இல் நாம் விடுதலை பெற்றதும் அப்பட்டத்தை நீக்க வேண்டியதாயிற்று. புதிய அச்சுகள் காலந்தாழ்ந்தே வந்து சேர்ந்தன. ஆகவே 1948ஆம் ஆண்டின் வெள்ளி டாலர் 18,780 மட்டுமே வெளிவந்தது. இன்று அது சேகரிப்போர் தேடி அலையும் நாணயம்.

இவ்விரண்டையும் அரிதாக்கியது தற்செயல். எவரும் திட்டமிட்டு அவற்றைக் குறைக்கவில்லை. புழக்கத்திற்கு வந்தவற்றையும் மக்கள் செலவழித்தார்கள், தேய்த்தார்கள், தொலைத்தார்கள். இன்றைய சேகரிப்பு நாணயத்தின் நிலை வேறு. ஐயாயிரம் அச்சடித்தால் ஐயாயிரமும் சான்றிதழுடன் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். மேலும் ஒவ்வொரு வகையும் எண்ணிக்கையில் குறைவாயினும், வகைகளோ மிகப் பல. வண்ணம் தீட்டியவை, இருளில் ஒளிர்பவை என ஆண்டுதோறும் புதியவை வந்தவண்ணம் உள்ளன. சென்ற ஆண்டின் நாணயத்தை இவ்வாண்டு யார் தேடுவார்?

அடுத்தது விலை. நகை வாங்கும்போது நாம் செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். விற்கும்போது அவை திரும்ப வருவதில்லை. இங்கும் அதே கதைதான். 30 டாலர் பெறுமான வெள்ளியுள்ள நாணயத்தை 100 டாலருக்கு வாங்கினோம் எனக் கொள்வோம். வேறு எவரும் அதை விரும்பிக் கேட்காவிடில், வெள்ளி விலை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தால்தான் நம் முதல் நமக்குத் திரும்பும்.

1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிற்காக 28 வகை வெள்ளி நாணயங்கள் வெளியாயின. அவற்றை நினைவுப் பொருளாகப் பாதுகாத்தவர் ஏராளம். இன்றும் அவை பெரும்பாலும் வெள்ளியின் விலையை ஒட்டியே விற்கப்படுகின்றன. 2011இல் 20 டாலர் மதிப்புள்ள வெள்ளி நாணயம் 20 டாலருக்கே விற்கப்பட்டது. இதில் நட்டத்திற்கே இடமில்லை என்று வாங்கியவர்கள் எண்ணினர். ஆனால் இவ்வகை நாணயங்களை வங்கிகள் பலவும் ஏற்க மறுத்தன. அதிலிருந்த வெள்ளியோ 8 கிராமுக்கும் சற்றுக் குறைவு!

சில புதிய நாணயங்கள் விலை ஏறுவதும் உண்டு. ஆனால் எது ஏறும் என்பதை முன்கூட்டி அறிதல் அரிது. எனவே வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதில் உள்ள உலோகத்தின் மதிப்பு என்ன? எத்தனை நாணயங்கள் எஞ்சியிருக்கும்? நாளை இதை விரும்பி வாங்குவோர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையெனில், முதலிரண்டின் விடைகள் எவ்வளவு நன்றாயிருந்தும் பயனில்லை.

நாணயம் சேர்ப்பது வரலாற்றைக் கையில் ஏந்தும் இனிய பொழுதுபோக்கு. அதற்குரிய சிறு தொகையை மகிழ்ச்சியோடு செலவிடலாம். ஆனால் வியர்வை சிந்திச் சேர்த்த குடும்பச் சேமிப்பை, 'குறைந்த எண்ணிக்கை' என்ற இரு சொற்களை மட்டும் நம்பி ஒப்படைத்தல் அறிவுடைமை ஆகாது.